கழித்தல் குறி

முப்பத்தோரு வருஷம் மீட்டர் படித்தவன் நான்.
மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், முதுநகர்ச் சந்துகள்,
நாய் உள்ள வீடு,
நாய் இல்லை என்று பொய் சொல்லும் வீடு.
எந்த மீட்டரிலும் பூஜ்யத்துக்குக் கீழே எண் கிடையாது.
ரிப்போர்ட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்:
மங்கையர்க்கரசி, பெண், அறுபத்தெட்டு.
எலும்பு அடர்த்தி
மைனஸ் மூன்று புள்ளி நான்கு.

குனிந்து வாளியைத் தூக்கினாள், அவ்வளவுதான்.
விழவில்லை, வழுக்கவில்லை.
ஐப்பசி மழைக்குத் துணி காயாத ஒரு வியாழக்கிழமை.
"என்னங்க" என்றாள்.
பேப்பரில் ஒரு பத்தியை முடித்துவிட்டுப் போனேன்.
என்ன பத்தி என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது,
கரும்பு நிலுவைத் தொகை.
வாயுப் பிடிப்பு என்று சொல்லித்
தைலம் தேய்த்தவையும் இந்தக் கைகள்தாம்,
மூன்று நாள்,
நொறுங்கிய இடத்தின் மேலேயே.

அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.
சொல்லிக்காட்டியிருக்கலாம்.

மகன் நெய்வேலியிலிருந்து வந்து
குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தினான்.
மருமகள் மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.
ஓசூரிலிருந்து மகள் தினம் ஒன்பதரைக்குக் கூப்பிட்டு
"மாத்திரை?" என்பாள்.
"போட்டாச்சு" என்போம் இருவரும் ஒரே குரலில்,
வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல.

பெல்ட் மாட்டிவிடுவது என் வேலை.
கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில்
அவள் சங்கிலிக் கொக்கியைக்கூட மாட்டிவிட்டதில்லை.
இப்போது மூச்சை இழு என்கிறேன்,
இழுக்கிறாள்.
ஒட்டுப்பட்டி கர்ரென்று பிரியும் சத்தத்தில்
எங்களுக்கு விடிகிறது.

கண்ணாடியில் அவள் ஒட்டிவைக்கும் பொட்டுகள்:
பழையவை மேலே,
புதியவை இரண்டு விரற்கடை கீழே.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
மறுநாள் பழையவற்றைக் காணோம்,
பசைத் தடம் மட்டும்.

ஒன்று உடைந்தால் அடுத்தது சுலபம்.
டாக்டர் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான்.
ஆஸ்பத்திரியிலிருந்து எங்களோடு ஆட்டோவில் ஏறி
வீட்டுக்கு வந்துவிட்டது.
மிளகாய் கிள்ளித் தாளிப்பதை நிறுத்தினேன்,
தும்மினால்?
அரிசி டின்னை நான்கு டப்பாவாகப் பிரித்தேன்.
அவள் எழுந்தால் எழுந்தேன்,
குனிந்தால் "ஏய்" என்று கத்தினேன்.
பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

மாசி மகத்துக்கு முந்தின நாள்
தும்மிவிட்டாள்,
தாளிப்பு இல்லாமலேயே.
சமையல் மேடையைப் பிடித்தபடி அவள்,
நிலைப்படியில் நான்.
மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவதுபோல
எண்ணிக்கொண்டு நின்றோம்.
குக்கர் விசில்தான் வந்தது.

"எனக்கு உடைஞ்சது ஒண்ணு" என்றாள்.
"உங்களுக்கு முப்பத்து மூணும் உடைஞ்சு கிடக்கு.
நாளைக்குத் தேவனாம்பட்டினம் போறோம்.
சாமி கடலுக்கு வர்றதப் பாக்கணும்."

வழியில் ஒன்பது வேகத்தடை.
எனக்குத் தெரியாத மேடா?
ஒவ்வொன்றுக்கும் முன்னால்
ஆட்டோக்காரன் தோளைத் தட்டினேன்.
எட்டாவதை விட்டுவிட்டேன்.
அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்,
கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.

தூக்கிப் போட்டது.

கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.
பிறகு, முதுகுக்கு அணைகொடுத்திருந்த என் கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
ஒரு கை நடுங்கியது.
யாருடையது என்று தெரியவில்லை.

கூட்டத்துக்கு வெளியே நின்றோம்.
குடைகள் மட்டும் தெரிந்தன, சாமி தெரியவில்லை.
உட்கார இடமில்லை, திரும்பிவிட்டோம்.

ராத்திரி விளக்கணைத்த பின்
அவள் புரண்டு படுக்கும் சத்தம்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல்:
"ஒண்ணும் உடையல.
தூங்குங்க."